ஹாரி பங்கி: கை நுண் அறுவை சிகிச்சை – முக்கியக் குறிப்புகள்

• ஹாரி பங்கி (1922–2008): அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். 'நுண் அறுவையின் தந்தை' எனப்படுபவர். ஜூலியஸ் ஜேக்கப்சனுக்கும் (வெர்மான்ட், 1960) அதே பட்டம் சூட்டுவோர் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் சிறு ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டியவர் ஜேக்கப்சன். அந்த வித்தையைக் கைக்கும் விரலுக்கும் கொண்டுவந்தவர் பங்கி. தெரிவுகளில் இரு பெயரும் இருந்தால் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.

• ஆய்வுக்கூடம்: கலிபோர்னியாவில் அவர் வீட்டுக் கார் ஷெட். துணை நின்றவர் மனைவி கான்ஸ்டன்ஸ், அவரும் மருத்துவரே.

• முதல் தடை ஊசிதான். விரல் ரத்தக்குழாயின் குறுக்களவு 1 மி.மீ. அளவே, அன்று கிடைத்த ஊசி அதற்கு மிகத் தடிமன். இழையின் நுனிக்கு உலோகப் பூச்சு கொடுத்து அதையே ஊசியாக்கினார்கள். இந்தச் சின்ன வேலை இல்லாவிட்டால் கீழே உள்ள ஆண்டுகள் எதுவும் இல்லை என்பேன்.

• 1964: முயலின் அறுத்த காதை மீண்டும் இணைத்தார். 1966: குரங்கின் கால் பெருவிரலைக் கையில் பொருத்திய ஆய்வு வெளியானது.

• கால் விரல் எதற்கு? இழந்த கட்டைவிரலுக்கு மாற்றாக. கையின் பயனில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டைவிரலுடையது என்பது பாடநூல் கணக்கு. மற்ற விரல்களுக்கு எதிரே வந்து பிடிப்பது அது ஒன்றே.

• குழப்பும் 'முதல்'கள் (துண்டானதை மீண்டும் இணைத்ததும், கால் விரலைக் கைக்கு மாற்றியதும்):
1962 – துண்டான முழுக்கை, பாஸ்டன், ரொனால்ட் மால்ட்.
1963 – துண்டான கை (மணிக்கட்டருகே), ஷாங்காய், சென் சோங்வெய்.
1965 – துண்டான கட்டைவிரல், ஜப்பானின் நாரா, கொமாட்சு–தமாய்.
1966 – கால் இரண்டாம் விரல் கட்டைவிரலாக, ஷாங்காய்.
1968 – கால் பெருவிரல் கட்டைவிரலாக, பிரிட்டன், ஜான் காபெட். பங்கி தம் நோயாளிக்குச் செய்தது இதன் பிறகே.

• தையல் இழை: 10-0 நைலான். எண் கூடினால் இழை மெலியும். தலைகீழாக எழுதி மதிப்பெண் இழப்போர் அதிகம்.

• துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, பையை ஐஸில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. விரலில் தசை இல்லாததால் முழுக்கையைவிட நெடுநேரம் தாங்கும்.

• பங்கி மாற்றியது அவரவர் உடலின் பாகத்தையே. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டாம். பிறர் கையைப் பொருத்துவது வேறு: லியோன், 1998; இந்தியாவில் முதலாவது கொச்சி அமிர்தா மருத்துவமனை, 2015. பிறர் கை என்றால் அந்த மருந்து வாழ்நாள் முழுதும் தேவை.