கவுன்சிலர் ஆன மகளுக்கு

திருவள்ளூர்

அன்பு பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதெல்லாம் எழுதினால்தான் நிதானமாக வரும். “காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சிடறாங்க பெரியப்பா, லைட்டு எரியல, குப்பை வண்டி வரல, தண்ணி வரலன்னு. ராத்திரி வரைக்கும் அதுக்கே சரியாப் போயிடுது. கவுன்சிலர்னா இவ்வளவுதானா?” என்றாய்.

இவ்வளவுதான் என்று நினைத்தே ஐந்து வருடத்தை ஓட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேரூராட்சி அலுவலகங்களில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். தெருவில் நல்ல பெயர் எடுத்த கவுன்சிலர்கள் பலருக்கு, தங்கள் வார்டின் தலையெழுத்து எந்த மேசையில் எழுதப்படுகிறது என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. நீ அந்த மேசையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் லைட்டு, குப்பை, தண்ணீர். விட்டுவிடாதே, ஓட்டுப் போட்டவர்கள் உன்னை அளப்பது அதில்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் நீயே ஓடாதே. ஒரு நோட்டுப் போடு. கம்பத்தின் எண், புகார் வந்த தேதி, யாரிடம் சொன்னாய், எப்போது சரியானது, அவ்வளவு போதும். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் ஒரே கம்பம் நாலு தடவை வந்திருக்கும். அங்கே பல்பை மாற்றிப் பயனில்லை, ஒயரை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன் வார்டில் எத்தனை மனைப்பிரிவு இருக்கிறது, சொல் பார்க்கலாம். சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, உங்கள் கும்மிடிப்பூண்டியைச் சுற்றி நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட் கல்லாக மாறியது உனக்கே தெரியும். இப்போதுள்ள 2019 மனைப்பிரிவு, கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பொது இடமாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடமாகத்தான் கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் இடம், ஓஎஸ்ஆர் இடம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வது இந்தப் பொது இடத்தைத்தான்.

நான் வேலை பார்த்த ஒரு ஊரில் (ஊர் பெயர் வேண்டாம்) நடந்தது. வரைபடத்தில் தென்கிழக்கு மூலையில் பச்சைக் கட்டமாகப் பூங்கா இருந்தது. அந்த இடத்தில் முதலில் வீடு இடித்த கல்லையும் மண்ணையும் கொட்டினார்கள். யாரும் கேட்கவில்லை. அடுத்து இரண்டு பக்கம் தகரம் அடித்து மாடு கட்டினார்கள். பிறகு சுவர் எழும்பியது, கரண்ட் வந்தது, வீட்டு வரி போடச் சொல்லி மனுவும் வந்தது. அந்த மனு வந்த பிறகுதான் கோப்பை எடுத்தோம். தானப் பத்திரம் பத்திரமாகக் கோப்பிலேயே இருந்தது! ஆனால் அதை வைத்துப் பட்டா மாற்றச் சொல்லி யாரும் மனு போடவில்லை. வருவாய்க் கணக்கில் பழைய நிலக்காரர் பெயரே ஓடிக்கொண்டிருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்தப் பச்சைக் கட்டம் இரண்டு கைமாறி மூன்றாவது ஆளிடம் நின்றது. கடைசியாக வாங்கியவரும் பாவம், நகையை விற்று வாங்கியவர். வழக்கு நான் ஓய்வு பெறும்போதும் முடியவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் ரயில்வே லைன் ஓரத்தில் கிரிக்கெட் ஆடினார்கள்.

இதைத் தடுக்க எம்எல்ஏ வேண்டாம், அமைச்சர் வேண்டாம். உன் வார்டு மனைப்பிரிவு வரைபடங்களின் நகலை வாங்கு. ஒவ்வொரு பொது இடத்துக்கும் தானப் பத்திர எண் என்ன, பட்டா யார் பெயரில், வில்லங்கத்தில் என்ன இருக்கிறது, மூன்றையும் எழுதிப் பட்டியல் போடு. நகல் கொடுக்க இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ மனு. பட்டா மாறாத இடம் இருந்தால் மாற்றச் சொல்லி மன்றத்தில் கேள். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டு, வேலி போட்டு, பலகை வைக்கச் சொல். ஊஞ்சல், சறுக்கு மரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திறப்பு விழாவுக்கு ஊஞ்சல்தான் அழகு. ஆனால் வேலியில்லாத இடத்தில் ஊஞ்சலும் நிற்காது.

மன்றக் கூட்டத்துக்கு வருகிறேன். அஜெண்டா வந்தால் அன்று ராத்திரியே உட்கார்ந்து படி. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று முடியும் ஒவ்வொரு பொருளிலும் பணம் எங்கிருந்து, எந்தத் தெருவுக்கு, எந்த மதிப்பீட்டில் என்று கோடு போட்டு வை. மழைநீர் வடிகால் என்று வந்தால் ஒரே ஒரு கேள்வி கேள்: கடைசி முனை எங்கே போய்ச் சேருகிறது? ஏரியிலா, கால்வாயிலா, இல்லை பக்கத்து வார்டின் பள்ளத்திலா? பாதி வடிகால்கள் இந்த ஒரு கேள்விக்கே திணறும். ரோடு என்று வந்தால், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று கேள். மேலே மேலே போட்டு உயர்த்தினால் மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவது ரோட்டால்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் உன் தெருவில் எந்த வீடு முதலில் முழுகியது என்று யோசித்துப் பார். உனக்கு ஒப்பாத தீர்மானம் என்றால் பேசிவிட்டு மட்டும் வந்துவிடாதே. உன் மறுப்பை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல். ‘ஏகமனதாக’ என்ற சொல்லை எழுத்தர்களான எங்கள் கை பழக்கத்தில் எழுதிவிடும்.

இன்னொன்று, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். வண்டியில் கொண்டுவந்து விடட்டும், கூட்டத்துக்குள் வர வேண்டாம். காண்ட்ராக்டரிடம் அவர் பேச வேண்டாம். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது வீட்டுக்காரர்கள் உட்காருவதற்கு இல்லை. நாற்காலியில் உட்காரவிடுவதே சில ஊர்களில் போராட்டம். உங்கள் பக்கத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடாமல் செய்தார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு சில நாளில் கலெக்டரே ஊருக்கு வர, அமிர்தத்தின் கையாலேயே கொடி ஏறியது. அப்படி வாங்கிய இடத்தை நீ சும்மா விட்டுக்கொடுக்காதே.

நம் மாவட்டத்திலேயே நீ போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி, குத்தம்பாக்கம். இப்போது பஸ் நிலையத்தால் எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு அது இளங்கோவின் ஊர். வேதிப் பொறியியல் படித்து, அரசு ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். 1996-ல் ஊராட்சித் தலைவரானார், பத்து வருடம் இருந்தார். அங்கே சமத்துவபுரம் வந்தபோது இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். 50 இரட்டை வீடுகள், 100 குடும்பங்கள். வடிகால் கட்டும்போது அக்கம்பக்கத்து ஆலைகளின் கழிவுக் கல்லைப் போட்டுச் செலவைக் குறைத்தார். மதிப்பீட்டில் சொன்னபடி இல்லை என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. மறுபடி பதவிக்கு வந்தார். அவர் துணிச்சலைப் பலரும் பாராட்டுவார்கள். கணக்கு எழுதிய எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு: எந்த வேலை முதலில், எதற்கு எவ்வளவு என்று ஊரை உட்காரவைத்துத் திட்டம் போட்டுப் பழக்கியிருந்தார். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் ஆபத்தில் ஊர் வந்தது.

உனக்குக் கிராம சபை இல்லை என்று சொல்லாதே. நகர்ப்புறத்துக்கு 2022-ல் விதி வந்து பகுதி சபை, வார்டு குழு எல்லாம் அமைந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பல ஊர்களில் அது போட்டோ எடுத்துக் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டது. நீ சடங்காக்காதே. கூட்டத்தில் வார்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டு. சென்ற முறை கேட்டவற்றில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று முதலில் படித்துக் காட்டு. திட்டிவிட்டுப் போவார்கள், போகட்டும். அடுத்த கூட்டத்துக்கும் வருவார்கள்.

சிப்காட் விஷயத்தில் உன் கை எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள். இரவில் புகை அதிகம், மாடியில் காயும் துணியிலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் கரித்தூள் படிகிறது என்று சொன்னாய். ஆலையை மூடவோ அனுமதிக்கவோ மன்றத்தால் ஆகாது. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. ஒவ்வொரு ஆலைக்கும் வாரியம் இசைவாணை கொடுக்கிறது, அதில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். அந்த நகலை வாங்கிப் படி. ‘புகை தாங்க முடியவில்லை’ என்று நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு அலமாரிக்குப் போகும். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எந்தத் தெரு, போட்டோ, இவற்றோடு எந்த நிபந்தனை மீறப்படுகிறது என்று எழுதிய மனுவுக்கு அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டும். பெரிய ஆலை புதிதாக வந்தால் கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பார்களே, அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதே. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்கு அந்தக் கூட்டம் இல்லாமலே போகலாம். தேர்வாய்கண்டிகையை நினைத்துப் பார். மேய்ச்சல் நிலமும் காடும் சிப்காட்டுக்குப் போனதை எதிர்த்து ஊர்க்காரர்கள் போராடினார்கள். 2012-ல் புகார் பிரான்ஸ் வரை போயிற்று, மிஷ்லின் டயர் ஆலைக்கு எதிராக. ஆலை வந்தது. நிலம் கைமாறும் கட்டத்திலேயே நிற்க முடியாமல் போனால், பிறகு பாரிஸ் போனாலும் தாமதம்தான்.

அதனால்தான் மாஸ்டர் பிளான் பற்றிக் கவனமாக இரு என்கிறேன். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-ல் விரிந்துவிட்டது. நம் மாவட்டத்தின் பல பகுதிகள் அதற்குள் வந்துவிட்டன. எந்த சர்வே நம்பர் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது நீர்நிலை என்று வரைவில் நிறம் போட்டுக் கொடுப்பார்கள். ஆட்சேபம் சொல்லக் காலம் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் மன்றத் தீர்மானத்தோடு ஒரு மனு போனால் அதற்கு எடை உண்டு. உன் வார்டு ஏரியின் சர்வே நம்பர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஓட்டு இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகும் பீகார், ஒடிசா பையன்கள் உன் வாக்காளர் பட்டியலில் இல்லை. கும்மிடிப்பூண்டி மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோருக்கும் ஓட்டில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. தலைக்கணக்குப் பார்த்துத் தண்ணீரும் கழிவுநீரும் திட்டமிடும்போது இவர்களை விட்டுவிட்டால் குழாயும் சாக்கடையும் முதல் வருடமே பற்றாது. அரசியலில் இருக்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் நடக்கிற ரோட்டில் விளக்கு வை; அதில் எந்த மாநிலத்துப் பெண் நடக்கிறாள் என்று பார்க்காதே.

அம்மாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். நான் எழுதியதை அவரும் படிக்கட்டும், மறைக்காதே. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மனைப்பிரிவு வரைபட நகலுக்கு மனு கொடுத்து, ரசீது வாங்கி, அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடு. பட்டியல் போட நானே வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா