காப்புறுதி எட்டாத காணி

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், நாட்டிலேயே அதிக உயிர்களைக் கண்டி மாவட்டத்தில்தான் பறித்தது. அதன்பின் இடைத்தங்கல் முகாமொன்றில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி கேட்டார்: "சாமி, வீடு நிக்குது, தோட்டம் போயிருச்சு. இத எந்தப் படிவத்துல எழுதுறது?" அவருக்கு நாம் உடனே விடை சொல்ல முடியவில்லை. அக்கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

காப்புறுதி, பத்திரத்தில் எழுதப்பட்ட பொருளுக்கு, எழுதப்பட்ட இடரினால் வந்த சேதத்துக்கு மட்டுமே பணம் தரும். வங்கிக் கடனுக்காக எடுக்கும் தீக்காப்புறுதியில் வெள்ளமும் புயலும் பெரும்பாலும் மேலதிகக் கட்டணம் கட்டினால்தான் சேரும். மண்சரிவு சேர்ந்துள்ளதா என்று தனியே கேட்க வேண்டும். 2016 ஏப்ரலில் அரசு தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதியில் மண்சரிவு சேர்க்கப்பட்டிருந்தது, வரட்சி சேர்க்கப்படவில்லை. ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை எனப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் கட்டடத்தையும் உடைமைகளையும் பார்த்ததே தவிர, காணியைப் பார்க்கவில்லை.

பயிர்க் காப்புறுதிக்கு வருவோம். 2018இல் வந்த இலவசத் திட்டம் நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய 6 பயிர்களுக்கு, ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. மிளகாய் இருக்கிறது, மிளகு இல்லை! கண்டிச் சரிவுகளில் நம்மவர் வாழ்வது மிளகையும் கராம்பையும் நம்பித்தானே. நெல் அழிந்தால் அடுத்த போகம் உண்டு. மிளகுக்கொடி காய்க்க மூன்று ஆண்டுகளாவது செல்லும். மேல்மண்ணே போன இடத்தில் கொடியை எங்கே நடுவது?

லயன் குடும்பங்களின் நிலை இன்னும் இக்கட்டானது. அறை தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருப்பதால், கட்டடத்துக்குக் காப்புறுதி இருந்தாலும் பணம் உரிமையாளருக்கே போகும்.

நிலத்தைக் காப்புறுதி செய்யவே முடியாது என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்தின் அரச திட்டம் வீட்டின் அடிநிலத்தையும் அதைச் சுற்றி 8 மீற்றர் வரையான நிலத்தையும் மண்சரிவுக்கு எதிராகக் காக்கிறது. எனினும் மரமும் பயிரும் அங்கும் சேராது.

ஆகவே விண்ணப்பம் எழுதும்போது வீட்டையும் காணியையும் வெவ்வேறாக எழுதுங்கள். சரிந்த பரப்பு, மரங்களின் எண்ணிக்கை, அவற்றின் வயது ஆகியவற்றைக் குறித்து, படங்களுடன் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். வீடு வெடிக்காமல் நின்றாலும், அங்கே குடியிருக்கக் கூடாது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தால், அந்த அறிக்கையின் பிரதியையும் சேர்த்து, பிரதேச செயலகத்தில் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.