பழைய சொகுசு காரைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

பன்னிரண்டு வயதான பி.எம்.டபிள்யூ 520டி ஒன்று இன்று ஏறக்குறையப் புது ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்கிறது. இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகங்கள் இன்றும் நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்குரிய விலையில்தான் விற்கின்றன. திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் இப்படி வாங்கிய மூன்று வண்டிகளில் இரண்டு, ஓராண்டுக்குள் கவர் போட்டு ஓரமாக நின்றுவிட்டன. வாங்கியவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, புரோக்கர் ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்த வண்டியைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் பணம். கையில் பத்து லட்சம் இருந்தால் எட்டு லட்சத்துக்கு மேல் போகிற வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். மீதி இரண்டு லட்சம் முதல் ஆண்டுச் செலவுக்கு: டயர், பேட்டரி, வெயிலில் வெடிப்பு விட்ட கூலன்ட் குழாய்கள், தேய்ந்த சஸ்பென்ஷன் புஷ்கள்.

அடுத்தது காகிதம். எம்-பரிவாகனில் ஆர்.சி.யைப் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் பணம் நகரக் கூடாது. டெல்லிப் பதிவு வண்டி மலிவாக வரும்; பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் மீது அங்கே நிலவிய கெடுபிடிதான் காரணம். இங்கே மறுபதிவு, சாலை வரி என்று கட்டி முடிக்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும். நான் டெல்லி வண்டியைத் தொடுவதில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் எல்லாரும் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். ‘நோ கிளெய்ம் போனஸ்’ வரியையும் பாருங்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் போகாத வண்டியில் அது 50 சதவீதம் இருக்கும். ‘சிங்கிள் ஓனர், ஒரு கீறல் இல்லை’ என்று சொல்லப்படும் வண்டியில் பூஜ்யம் இருந்தால், என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

இப்போது முக்கியமான வேலை. முந்தின நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: “காலையில் ஆறு மணிக்கு வர்றேன் சார், அதுவரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் என்றால் சற்றுத் தள்ளி நின்று நான்கு மூலைகளையும் பாருங்கள். காற்று கசிந்தால் ராத்திரியில் ஒரு மூலை இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் பம்ப் அதைத் தூக்கிவிடும், பிறகு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் வந்த பி.எம்.டபிள்யூ இரண்டு லிட்டர் டீசலில், என்47 என்ற இன்ஜினில், டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் இருக்கிறது. செயின் தளர்ந்தால் முதல் சில விநாடிகளில் கரகரவென்று சத்தம் வரும். இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் அங்கே கை போகாது, அதனால் செயின் விலையைவிடக் கூலியே பெரிய தொகை. குளிர்ந்த நிலையிலேயே ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றிப் பாருங்கள்; உதைத்தால் வேண்டாம்.

அந்தக் கம்பெனி வண்டியையே தினமும் பார்க்கும் மெக்கானிக்கை ஸ்கேனரோடு அழைத்துப் போங்கள். ‘ஃபால்ட் எதுவும் இல்லை’ என்று திரையில் வந்ததும் பலர் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். முந்தின நாள் அழித்திருந்தாலும் அப்படித்தான் வரும். ‘ரெடினெஸ்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சோதனைகள் முடியவில்லை என்று வரிசையாகக் காட்டினால், ஃபால்ட் கோடுகளைச் சமீபத்தில்தான் துடைத்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றினோம் என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். நான்கு நாள் ஓட்டிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் சென்னையில் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 520டி-யில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது, வயரிங்கும் பக்கத்திலேயே ஓடுகிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுற்றியிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க நம் பகுதியைவிட நல்ல இடம் கிடையாது. சி.டி.எச். சாலையில் நெரிசல் நேரத்தில் ஏசி போட்டு அம்பத்தூர் ஓ.டி. வரை ஊர்ந்து போங்கள்; டெம்பரேச்சர் ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு நெமிலிச்சேரி போய் வெளிவட்டச் சாலையில் ஏறி வேகம் பாருங்கள்.

வாங்கியாயிற்றா? 30 நாளுக்குள் பெயர் மாற்றம் (ஃபார்ம் 29, 30), 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்றம். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. கியர்பாக்ஸ் ஆயில் ‘ஆயுள் முழுக்க’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். 520டி-யின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இல்லையென்றால் முதல் மாதமே மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழைய கண்ணாடியும் விளக்கும் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைப் புதிதாகவே போடுங்கள்.

இரண்டாவது வண்டி வீட்டில் இருந்தால் ஜெர்மன் கார் எடுங்கள், ஆசையாக வைத்து ஓட்டலாம். ஒரே வண்டிதான், அதிலேயே தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் பழைய கேம்ரியைத் தேடுங்கள்.