மாடி அறைக்குக் கேட்ட வாடகை

கேள்வி: குற்றாலம் ஐந்தருவி சாலைப் பக்கம் எட்டு அறைகள் உள்ள சின்ன விடுதி நடத்துகிறேன். மலையடிவாரம் என்பதால் கீழ்த்தள அறைகளில் டவர் எடுக்காது. சீசனில் வருகிறவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அருகே போய் நின்று பேசுவார்கள். சென்ற ஆண்டு ஃபைபர் இணைப்பு வாங்கி வைஃபை போட்டேன். இப்போது பலர் ‘வைஃபை காலிங்’ என்று அறைக்குள்ளிருந்தே பேசுகிறார்கள். இதற்கு நான் அனுமதி வாங்க வேண்டுமா? இன்னொன்று. தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். மாடி அறையில் ஒரு பெட்டி வைக்கவேண்டும், மாதம் 15,000 ரூபாய் வாடகை, கரண்ட் பில் தனி என்கிறார். ‘வளைகுடாவிலிருந்து பேசுகிறவர்களுக்கு வைஃபை காலிங் வசதி செய்து கொடுக்கிறோம், வேறொன்றும் இல்லை’ என்கிறார். என் மகனும் துபாயில்தான் வேலை பார்க்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாமல் விபிஎன் போட்டுத்தான் பேசுகிறான். பெட்டி வைக்க இடம் கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குற்றாலம்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி உங்கள் மாடிப்படி ஏறக்கூடாது. முன்பணம் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு வழியாகவே திருப்பி அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்கவேண்டாம்.

உங்கள் விருந்தினர் செய்வதற்கும் அந்த மனிதர் செய்ய நினைப்பதற்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

விருந்தினர் செய்வது இதுதான். அவருடைய சிம், அவருடைய எண், அவர் ரீசார்ஜ் செய்த பிளான். குரல் மட்டும் டவருக்குப் போவதற்குப் பதிலாக உங்கள் வைஃபை வழியாக அவருடைய கம்பெனியின் நெட்வொர்க்குக்கே போய்ச் சேருகிறது. அங்கிருந்து வழக்கமான அழைப்பாகத்தான் மறுமுனைக்குப் போகும். யார் யாரை அழைத்தார், எத்தனை நிமிடம் பேசினார் என்பது கம்பெனியின் கணக்கில் பதிவாகும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைத் தொடங்கின. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22. நம் மாவட்டத்துக்கும் வைஃபை காலிங்குக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இதற்கு நீங்களோ விருந்தினரோ யாரிடமும் அனுமதி வாங்கவேண்டியதில்லை. போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் அதை ஆன் செய்தால் போதும்.

உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நெட்டில் போன் பேசுவது குற்றம் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். 2002 மார்ச் வரை இந்தியாவில் இணையவழித் தொலைபேசிக்குத் தடை இருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல் அதை ஓரளவுக்கு, அதாவது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும் வெளிநாட்டு எண்களுக்கும் பேசும் அளவுக்கு, அனுமதித்தார்கள். உள்ளூர் போன் எண்களோடு அதை இணைப்பதில் கட்டுப்பாடு நீடித்தது. 2014 நவம்பரில் ஸ்கைப், இந்தியாவுக்குள் இருந்தபடி இந்திய எண்களை அழைக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது நினைவிருக்கலாம். உரிமம் பெற்ற கம்பெனிகள் இணையவழியாகவும் அழைப்பு வசதி தரலாம் என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2018-ல் உரிம விதிகளைத் திருத்தித் தெளிவாக்கியது. ‘உரிமம் பெற்ற கம்பெனி’ என்ற அந்த மூன்று சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடிக்கு வரவிருந்த பெட்டி அங்கேதான் மாட்டுகிறது.

அதன் பெயர் சிம் பாக்ஸ். வழக்கு ஒன்றில் அப்படி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழைய டெக் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சிம் செருகும் பொந்துகள், பின்பக்கம் சீப்புப் பற்கள் மாதிரி குட்டி ஆன்டெனாக்கள், ஓயாமல் மினுக்கும் பச்சை விளக்குகள். கைவைத்தால் சுடும். அறை மூலையில் ஒரு கோணிப்பை. அது நிறைய, சிம்மைப் பிய்த்து எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் அட்டைகள். அந்தப் பையைப் பார்த்த நிமிடத்தில்தான் வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கியது. அதுவரை ‘கம்ப்யூட்டர் சமாச்சாரம்’ என்றே நம்பியிருந்தார், பாவம்.

அது செய்யும் வேலை இது. துபாயிலிருந்து ஒருவர் முறையாகக் கடையநல்லூருக்குப் பேசினால், அந்த அழைப்பு உரிமம் பெற்ற சர்வதேச நுழைவாயில் வழியாக இந்தியாவுக்குள் வரவேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்குள்ள கம்பெனிக்குக் கட்டணம் சேரவேண்டும். 2018 பிப்ரவரியிலிருந்து அது நிமிடத்துக்கு 30 பைசா. 2020 மே மாதத்திலிருந்து 35 முதல் 65 பைசா வரை கம்பெனிகள் நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. சிம் பாக்ஸ்காரர்கள் இந்த நுழைவாயிலைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அழைப்பு இணையம் வழியாக உங்கள் மாடிப் பெட்டிக்கு வந்து, அங்குள்ள ஏதோ ஒரு சிம்மிலிருந்து உள்ளூர் அழைப்பாக வெளியே போகும். பில் உங்கள் ஃபைபருக்கு, லாபம் அவர்களுக்கு. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைக் கவனித்திருப்பீர்கள். பேசுவது துபாயிலிருக்கும் மகன், திரையில் வருவதோ +971 அல்ல, யாரோ ஒருவருடைய பத்து இலக்க இந்திய எண். அந்த எண் இப்படி ஒரு பெட்டிக்குள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நிமிடத்துக்குச் சில பைசா ஏமாற்று என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2021 ஜூனில் பெங்களூருவில் ராணுவ உளவுப் பிரிவும் போலீசும் சேர்ந்து பிடித்த கும்பலிடம் 32 பெட்டிகள் இருந்தன. ஒரே நேரத்தில் 960 சிம்கள் ஓடும் அமைப்பு. ராணுவ அலுவலகம் ஒன்றுக்கு வந்த சந்தேகத்துக்குரிய அழைப்பைத் தொடர்ந்து போனபோதுதான் அது வெளிப்பட்டது. கைதானவர்களில் ஒருவர் திருப்பூர்க்காரர். அடுத்த மாதமே கோழிக்கோட்டில் பல இடங்களில் இதேபோன்ற இணை எக்ஸ்சேஞ்சுகள் சிக்கின. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பில் இந்திய எண்ணைப் போலியாகக் காட்டினால் தடுத்துவிடும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்தது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த வாசல் அடைபட்டபின் மோசடிக் கும்பலுக்கு நாட்டுக்குள்ளேயே நிஜச் சிம் போட்ட பெட்டி தேவைப்படுகிறது. போலீஸ் பேசுகிறோம், உங்களை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம் என்று ஓய்வூதியக்காரர்களை மிரட்டும் அழைப்பு உங்கள் மாடியிலிருந்து கிளம்பியது என்று ஒருநாள் தெரியவந்தால் உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் சிம் போடக்கூடிய கருவியை வைத்திருப்பதே அதே பிரிவில் தனிக் குற்றம். அதற்கும், ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. இதோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடி, கூட்டுச்சதிப் பிரிவுகளும் சேரும்.

‘வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பொறுப்பு அவருடையதுதானே’ என்று உங்களுக்குத் தெரிந்தவர் சொல்லக்கூடும். பெட்டிக்குள் இருக்கும் சிம்கள் யார் யாருடைய ஆதாரிலோ வாங்கியவை. ஆட்டுவிப்பவர் வெளிநாட்டில் இருப்பார். போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது உண்மையான பெயரில் அங்கே இருப்பது உங்கள் பட்டா, உங்கள் மின் இணைப்பு, உங்கள் ஃபைபர் கணக்கு. நான் சொன்ன அந்த வீட்டுக்காரர் கடைசியில் குற்றமற்றவர் என்று காட்ட முடிந்தது. ஆனால் அதுவரை அவர் வக்கீல் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல, மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் தட்டிப்போனது. அவருக்காவது ‘தெரியாது’ என்று சொல்ல வழி இருந்தது. உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இந்தக் கடிதமே எழுதிவிட்டீர்கள். இனி அந்த வாதம் உங்களுக்குக் கிடைக்காது. வந்தவருடைய எண்ணையும் அவர் சொன்னதையும் எழுதி, மாவட்ட சைபர் கிரைம் போலீசில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் தகவல் சொல்லலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். விடுதிக்காரர்களிடம் ஆதார் நகல் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இனி உங்கள் வைஃபை. பேசுவதற்கு அனுமதி வேண்டாம் என்றேன். வைஃபையைத் திறந்துபோட்டு வைக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. 2008 ஜூலை 26 அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வைஃபை பூட்டாமல் கிடந்திருக்கிறது. ஆனாலும் விசாரணை அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கியது. அதன்பின் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை இணையக் கம்பெனிகளுக்கு விதி போட்டது. பொது இடத்தில் வைஃபை பயன்படுத்துகிறவரை அடையாளச் சான்று நகல் வாங்கியோ, செல்போனுக்குக் கடவுச்சொல் அனுப்பியோ உறுதிப்படுத்தி, அந்த விவரத்தை ஓர் ஆண்டு வைத்திருக்கவேண்டும். ஆகவே உங்கள் ஃபைபர் கம்பெனியிடம் ‘இது வீட்டு இணைப்பு அல்ல, விடுதி விருந்தினருக்குக் கொடுக்கிறேன்’ என்று எழுத்தில் சொல்லி, ஓடிபி வைத்து நுழையும் ஏற்பாடு கேளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரும் கேமராவும் ஓடும் வைஃபையிலிருந்து விருந்தினர் வைஃபையைப் பிரித்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் போன் எண்ணை விடாமல் எழுதுங்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் சேர்ந்தால், டீக்கடைக்காரர்கூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை தரலாம். ஆட்களைச் சரிபார்க்கும் வேலையை அதற்கென்று உள்ள ஒருங்கிணைப்பாளரும் செயலியும் பார்த்துக்கொள்ளும். ஐந்தருவிச் சாலை விடுதிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இதைச் செய்தால் செலவும் குறையும்.

சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டிவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். தனி ஆள் அதை மாட்டுவது சட்டவிரோதம். பக்கத்து டவரின் அலையையும் அது கெடுக்கும்.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கவலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு கிடையாது, அந்நாட்டு ஆணையம் அனுமதித்த போட்டிம் போன்ற செயலிகள்தான் உண்டு. கம்பெனி வேலைக்கு விபிஎன் வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. தடையைத் தாண்ட அதைப் பயன்படுத்துவதுதான் சிக்கல். 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில், இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் சிறையும் இருக்கிறது. நம் பணத்தில் அது கோடியைத் தாண்டும். ‘எல்லாரும் போடுகிறார்கள்’ என்பான். எல்லாருக்கும் சேர்த்து அவன் விசாவைப் பணயம் வைக்கவேண்டாம். சவுதியில் 2017 செப்டம்பரிலேயே இந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள். அங்குள்ள நண்பன் பேசுகிறானே என்று துபாய்க்காரர் ஒப்பிட முடியாது. இன்று இரவே இருவரும் போட்டிமுக்கு மாறிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவரைக் கொண்டுபோனது. நம் ஊரில் அவசர அழைப்பு எந்த நிமிடமும் தேவைப்படலாம். மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் உங்கள் ரூட்டரும் போகும், கீழ்த்தள அறைகள் பழையபடி ஊமையாகிவிடும். ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். வைஃபை வழியாக 108-ஐயோ 112-ஐயோ அழைக்கும்போது அழைப்பு டவரைத் தொடாமல் போவதால், அவர்களுக்கு நம் இடம் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அழைப்பவரே இடத்தைச் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து நேற்று வந்த விருந்தினருக்கு உங்கள் விடுதியின் முகவரி எப்படித் தெரியும்? ஒவ்வோர் அறையிலும் வைஃபை கடவுச்சொல் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே விடுதியின் பெயர், சாலை, பக்கத்து அடையாளம், உங்கள் எண் நான்கையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டிவிடுங்கள்.