ஈறு நலமும் பெண்கள் ஆரோக்கியமும்

காலையில் பல் துலக்கித் துப்பும் நீரில் இளஞ்சிவப்பாக ரத்தச் சாயல் தென்படுமாயின், வீட்டிலுள்ளோர் அனைவரின் தேகநிலையையும் விசாரித்துத் தம்முடையதை மட்டும் பின்னுக்குத் தள்ளும் நம் பெண்மணிகள், அதனைப் பிரஷ்ஷின் கடுமை என்று ஒதுக்கிவிடாமல், ஈறு நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் நோய் வளரும். மிருதுவான பிரஷ்ஷின் நார்களைப் பல்லும் ஈறும் சந்திக்கும் ஓரத்தில் சற்றே சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு சிறு அசைவாகத் தேய்ப்பதே முறை.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள் பெருகுவதால், பல்லில் படியும் சொற்ப அழுக்குக்கும் ஈறு வீங்கிக் கசியும். பிரசவம் வரை பல் வைத்தியரிடம் போகலாகாது என்று பெரியவர்கள் தடுப்பது அன்பினால்தான் எனினும் சரியன்று. அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஈறுகளை ஆழச் சுத்தம் செய்யும் சிகிச்சையால் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கு நேர்ந்ததாகக் காணவில்லை. குறைப்பிரசவத்தை அது தடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை இச்சிகிச்சைக்கு வசதியான காலம்.

நீரிழிவுள்ள பெண்களுக்குப் பலன் இன்னும் பிரத்தியட்சம்: ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற மூன்று நான்கு மாதங்களில் ரத்தச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாகச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. ஆயினும் அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. மாதவிடாய் நின்ற பின் வாய் உலர்வோர் அடிக்கடி தண்ணீர் பருகுவதோடு, ஆறு மாதத்துக்கொரு முறை ஈறுகளை வைத்தியரிடம் காட்டி வருதல் உத்தமம்.