பழைய லாரியில் மைலேஜ்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடவே கூடாது

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை வழியாக ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் என்று போகும் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் இரண்டு தலைமுறை வண்டிகளைப் பார்க்கலாம். ஒரகடத்தில் 2012-இல் திறந்த டெய்ம்லர் ஆலையிலிருந்து பளபளவென்று வெளியே வரும் பாரத்பென்ஸ் ஒரு பக்கம். கம்பெனி கம்பெனியாக உதிரிபாகம் ஏற்றி இறக்கும் பழைய டாடா, லேலண்ட், ஐச்சர் இன்னொரு பக்கம். புது வண்டிக்குத் தவணை கட்டத் தெம்பில்லாத ஒற்றை வண்டி முதலாளிக்கு அந்தப் பழைய வண்டிதான் சோறு. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 5 கொடுத்தால் 800 லிட்டர் போகும். அது 5.25 ஆனால் 762 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,500 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 42,000. கால் கிலோமீட்டர் கூடியதற்கே இவ்வளவு. ஆனால் இந்தக் கால் கிலோமீட்டரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பொருள் வாங்குவதில் தொடங்குகிறார்கள். வரிசை அதுவல்ல. முதலில் அளக்க வேண்டும், பிறகு வண்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவர வேண்டும், கடைசியில்தான் புதிதாக எதையும் மாட்ட வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் வண்டிக்குப் புது ரேடியல் போட்டால் அந்தக் காசு டிரம்மில் சூடாகத்தான் போகும்.

அளவு

டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி டேங்க் நிரப்பிப் பார்ப்பதுதான் நம்பகமான முறை. ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே சமதளத்தில் நிற்க வேண்டும். நாசில் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் விட்டுவிடாதீர்கள். நுரை அடங்கட்டும், மெதுவாகக் கழுத்து வரை ஏற்றுங்கள். இரண்டு தடவையும் விடிகாலையில் நிரப்புங்கள். வெயிலில் டீசல் விரியும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 0.8% அளவு மாறும். நாம் தேடுவதே ஐந்து சதவீதம்தான், அதில் ஒன்றை வெயிலுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஒரே ஒரு டேங்க் ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து தடவை சேர்த்துச் சராசரி பாருங்கள். லோடு எடையையும் குறித்துவையுங்கள். கிருத்திகை நாளில் வல்லக்கோட்டை முருகன் கோயில் கூட்டம் சாலைவரை நிற்கும். அன்றைய ஓட்டத்தைக் கணக்கில் சேர்த்தால் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பவும் கூடாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். 10.00-20 டயரில் 12 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஆகவே புது டயர் போட்ட மாதம் மைலேஜ் குறைந்ததுபோலத் தெரியும். உண்மையில் குறைந்திருக்காது. போனில் ஜிபிஎஸ் வைத்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, மீட்டருடன் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிவையுங்கள். டயர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வண்டி தானாக உருளுகிறதா

லோடு இல்லாத வண்டியை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டாலோ அரைச் சுற்றில் நின்றாலோ பிரேக் விடவில்லை என்று அர்த்தம். ஷூவின் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஸ்லாக் அட்ஜஸ்டர் அதிகம் இறுகியிருக்கலாம், கேம் ஷாஃப்ட் கிரீஸ் காணாமல் காய்ந்திருக்கலாம். ஓட்டத்திலும் சோதிக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டி நிறுத்துங்கள். புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோங்கள். தொடாதீர்கள், டிரம் கையைச் சுட்டுவிடும். நான்கு மூலையில் ஒன்று மட்டும் அனலடித்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். லேசர் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மேம்பாட்டுக் கருவிகளிலேயே விலை குறைந்ததும் உடனே பலன் தருவதும் இதுதான் என்பேன்.

அடுத்து அலைன்மென்ட். முன் டயரின் ட்ரெட்டில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம்போலவும் இருந்தால் டோ சரியில்லை. டயர் சாலையில் உருளாமல் இழுபட்டு ஓடுகிறது. பின்னால் வேறொரு வண்டியில் வந்து உங்கள் லாரியைக் கவனிப்பதும் அவசியம். பின் ஆக்சில் ஒரு பக்கம் விலகி வண்டி சாய்ந்து ஓடினால், பட்டையின் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். முன் சக்கரத்தை மட்டும் அலைன்மென்ட் பார்த்து இதைச் சரிசெய்ய முடியாது.

காற்று கசிவையும் பாருங்கள். பிரேக் டேங்கில் முழு அழுத்தம் ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது, அதற்கும் டீசல்தான் போகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழ் விடும்.

எஞ்சின்: பிடுங்கியதைத் திரும்ப மாட்டுதல்

பழைய வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டாட் இருக்காது. என்றோ ஒரு நாள் எஞ்சின் சூடேறியிருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அதன்பின் எஞ்சின் தன் வேலைச் சூட்டை எட்டவே நேரம் எடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாக எரியாது, ஆயிலும் கெட்டியாகவே இருக்கும், லைனரும் சீக்கிரம் தேயும். விடிகாலை லோடு ஏற்றி அரைமணி ஓடியும் சூட்டு முள் கீழேயே கிடந்தால் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட் ஊற்றி, கம்பெனி சொன்ன டிகிரிக்கான தெர்மோஸ்டாட்டை மாட்டுங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை இது. கேட்டால் பல மெக்கானிக்குகள் 'வேண்டாம்ணே, சூடாயிரும்' என்பார்கள். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் ஆகாது.

பிஎஸ்-3 கால வண்டிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. இழுவை வேண்டும் என்று பம்பின் சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டிவைப்பார்கள். மேடேறும்போது கருப்புப் புகை கக்கினால் அது எரியாமல் வெளியே போகும் உங்கள் பணம். பம்பையும் நாசில்களையும் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பட்டறையில் கேலிபரேஷன் செய்து, சீல் வைத்து வாங்குங்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-4 வண்டியில் காமன் ரெயில் இருந்தால் கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும், ஸ்பேனர் வேலை ஆகாது.

அதோடு டாப்பட் கிளியரன்ஸ், ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அந்த ஹோஸின் அடிப்பக்கம் சின்னதாகக் கிழிந்து கிளிப்புக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். விரலை விட்டுத் தடவினால்தான் தெரியும்.

டயர்

மாட்டும் பொருள்களில் பெரிய பலன் இங்கேதான். அப்போலோ டயர்ஸின் ஒரகடம் ஆலையில் லாரி ரேடியல்கள் தயாராகின்றன. அந்த ஆலையின் வாசலைக் கடந்து இன்னும் நைலான் டயரில் ஓடும் வண்டிகள் எத்தனையோ. நைலான் டயரில் துணி அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரும் ட்ரெட்டும் சேர்ந்து பிசையப்பட்டுச் சூடாகின்றன. ரேடியலில் ட்ரெட்டுக்கு அடியில் எஃகுப் பட்டை தட்டையாகப் பிடித்துக்கொள்வதால் உருளும் எதிர்ப்பு குறைகிறது. அதிக தூரமும் உழைக்கும், மறு ட்ரெட்டும் தாங்கும். நைலான் டயர் எப்படியும் தேய்ந்து மாற்றும் வேளையில் ரேடியலுக்குப் போங்கள். நல்ல டயரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒரே ஆக்சிலில் இரண்டையும் கலக்கவே கூடாது. முடிந்தால் ஆறையும் ஒன்றாக மாற்றுங்கள். ரேடியலுக்கு அழுத்தம் அதிகம் என்பதால் பழைய ரிம்மில் விரிசல், துரு இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ட்ரெட்டின் வடிவம் எது என்பதும் முக்கியம். பின்னால் லக் டயர்தான் போட வேண்டும் என்பது பழக்கம். கல்குவாரிக்கும் மண் சாலைக்கும் போகிற டிப்பருக்கு அது சரி. ஒரகடம் ஆறுவழிச் சாலை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, கம்பெனி யார்டு என்று எப்போதும் கெட்டித் தரையில் ஓடுகிற வண்டிக்கு லக் வீண் பாரம். ரிப் அல்லது செமி லக் போதும்.

டயர் எதுவானாலும் காற்று குறைந்தால் எல்லாம் வீண். 10 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 1 சதவீதம் போகும் என்பது லாரித் தொழிலில் நெடுநாள் கணக்கு. கிளீனர் கம்பியால் தட்டிப் பார்ப்பது முழுப் பஞ்சரைக் கண்டுபிடிக்கும், 20 பிஎஸ்ஐ குறைவை அல்ல. பின் ஜோடியில் உள் டயர்தான் அநாதை. வால்வு எட்டாததால் யாரும் பார்ப்பதில்லை. நீட்டு வால்வு போட்டு, வாரம் ஒரு முறை டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள்.

ஃபேன், காற்று, கிரவுன்

பழைய எஞ்சினில் ஃபேன் நேராகப் பெல்ட்டில் ஓடுகிறது. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழலும், எஞ்சினின் குதிரைத்திறனில் ஒரு பங்கைத் தின்னும். உங்கள் எஞ்சின் குடும்பத்தில் பின்னாளில் விஸ்கஸ் ஃபேன் வந்திருந்தால் அதை மாட்டலாம். சூடு ஏறும்போது மட்டும் இறுகிச் சுழலும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சரியான பிறகே இதைச் செய்யுங்கள்.

கேபினுக்கு மேல் வைக்கும் ஃபைபர் விண்ட் டிஃப்ளெக்டர் பற்றி அதிகம் கேட்கிறார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-இல் இருப்பதைவிட 80-இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. எனவே கேபினைவிட உயர்ந்த கன்டெய்னர் பாடியோடு இரவில் பெங்களூரு போகிற வண்டிக்கு டிஃப்ளெக்டர் நிச்சயம் உதவும். வல்லம் வடகாலுக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவே சிக்னல் சிக்னலாக ஓடுகிற வண்டிக்கு அது அலங்காரம்தான், அந்தக் காசை டயரில் போடுங்கள். திறந்த பாடி வண்டியில் தார்ப்பாய் படபடக்காமல் இழுத்துக் கட்டுவதற்குச் செலவே இல்லை. வேகத்தை 80-இலிருந்து 65-க்குக் குறைப்பதற்கும் செலவில்லை.

கிரவுன்-பினியன் மாற்றுவது பெரிய வேலை. 6.83 விகிதத்திலிருந்து 5.86-க்குப் போனால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று 14 சதவீதம் குறையும். வாலாஜாபாத், காஞ்சிபுரம், எண்ணூர் துறைமுகம் என்று சமவெளியிலேயே அளவான லோடோடு ஓடும் வண்டிக்குப் பொருந்தும். முழு லோடோடு கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் மேடேறுகிற வண்டிக்கு வேண்டாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் கீழ் கியரிலேயே திணறி, மிச்சம் பிடித்ததைவிட அதிகம் எரிப்பீர்கள். மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. மீட்டர் கியரை மாற்றாவிட்டால் தூரம் 14 சதவீதம் குறைவாகக் காட்டும். மைலேஜ் கூடியும் கூடாததுபோலத் தெரியும். அதே மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் விகிதத்துக்கு மட்டும் போங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எட்டு வயது தாண்டிய வண்டி ஆண்டுதோறும் எஃப்சிக்குப் போயாக வேண்டும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்கக் கூடாதவை

டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஏர் பைப்பில் வைக்கும் விசிறி ஆகியவற்றில் எதையும் வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவது எதையும் காணவில்லை. பிஎஸ்-4 வண்டியில் யூரியா தேவைப்படாமல் ஏமாற்றும் பெட்டியை மாட்டுவது குற்றம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் டிரைவர்.

கேட்டும் டிரைவரும்

இந்தப் பகுதி வண்டிகளுக்கே உரிய நஷ்டம் கம்பெனி கேட்டில் நடக்கிறது. பாஸ் போடும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு சிலிண்டர் எஞ்சின் சும்மா நின்றே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். தினம் இரண்டு மணி நேரம், 25 நாள் என்றால் மாதம் 50 லிட்டருக்குக் குறையாது. மேலே கணக்குப் போட்ட 38 லிட்டரைவிட இது அதிகம். டிரைவர் அணைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் புழுக்கம், இல்லையென்றால் 'அணைச்சா ஸ்டார்ட் ஆகாது' என்ற பயம். நல்ல பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேனும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு காரணமும் தீரும்.

மிச்சமான டீசலில் டிரைவருக்குப் பங்கு கொடுங்கள். மூன்று மாதச் சராசரியை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் பாதி விலை பேட்டாவோடு அவர் கையில். ஆனால் ஒரு நிபந்தனையை முன்பே சொல்லிவிடுங்கள்: இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டக் கூடாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் எஞ்சின் ஓட டீசலும் போகும், வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டுமே மிஞ்சும்.