வெந்நீர் ஊற்றுக் குளங்களும் குடும்பத்தார் நீராடலும்

அபூதபீ அமீரகத்தைச் சேர்ந்த அல்ஐன் நகரை ஒட்டி ஜபல் ஹஃபீத் என்னும் மலை நிற்கிறது. ஏறத்தாழ 1,240 மீட்டர் உயரமுள்ள வெறும் பாறை மலை. அதன் அடிவாரத்தில், முபஸ்ஸரா என்னுமிடத்தில், பூமியின் உள்ளிருந்து வெந்நீர் சுரந்து வருகிறது. அதனை வாய்க்கால்களில் ஓடவிட்டு, சுற்றிலும் புல்வெளி அமைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நீச்சல் குளங்களும் கட்டியுள்ளனர். குளிர்கால விடுமுறை நாட்களில் வாய்க்கால் ஓரங்களில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து, வெந்நீரில் கால்களை நனைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கு பணிபுரியும் நம் தமிழ்நாட்டுச் சகோதரர்களும் பெண்டு பிள்ளைகளுடன் சென்று வருகின்றனர். மலேசியா, துருக்கி முதலிய நாடுகளிலும் இத்தகைய ஊற்றுகள் பல உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் தனித்தனிக் குளங்கள் இருப்பதில்லை. "குடும்பத்துடன் வருக" என்று பலகை வைத்து, ஆண் பெண் அனைவரையும் ஒரே குளத்தில் இறக்கிவிடும் இடங்களே அதிகம்.

இவ்விடங்களுக்குச் செல்லலாமா என்று கேட்போர் இருக்கின்றனர். கேட்காமலே செல்வோரும், கேட்காமலே தடுப்போரும் அவர்களைவிட அதிகம்!

பொதுக் குளியலிடம் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஷாம் தேசத்துக் குளியல் விடுதிகளுக்குள் ஸஹாபாக்கள் நுழைந்திருக்கிறார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் குறிப்பிட்டு, அவ்விடத்தின் ஒழுக்கங்களை விரிவாக எழுதியுள்ளார்கள். உள்ளே நுழையுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். தேவைக்கு மேல் நீரை இறைக்கக் கூடாது, அதிலும் வெந்நீர் உழைப்பாலும் செலவாலும் வருவது. அதன் சூட்டை உணரும்போது நரகத்தின் சூட்டை நினைவு கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். துருக்கியின் புர்ஸா நகரில், இயற்கை வெந்நீர் ஊற்றின் மீது, சுல்தான் சுலைமானின் பிரதம மந்திரி ருஸ்தம் பாஷா 1552ஆம் ஆண்டில் கட்டிய குளியல் மாளிகை பேர்பெற்றது. ஆகவே வெந்நீரில் நீராடுவதை எவரும் ஹராம் என்று கூறியதில்லை. அது அல்லாஹ்வின் அருட்கொடை.

எச்சரிக்கை வந்திருப்பது நீரைக் குறித்தன்று, மறைவைக் குறித்தே. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிற ஆண், கீழாடையின்றிக் குளியல் விடுதியில் நுழைய வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸைத் திர்மிதீ, நஸாயீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். ஷாமிலிருந்து தம்மைக் காணவந்த பெண்களிடம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவ்வூர்க் குளியல் விடுதிகளைப் பற்றி விசாரித்துக் கண்டித்த செய்தி அபூதாவூதில் வருகிறது. கணவன் வீடல்லாத இடத்தில் ஆடை களையும் பெண், தனக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள திரையைக் கிழித்துவிடுகிறாள் என்பது அதன் கருத்து.

இப்போது அந்தப் பலகையிலுள்ள "குடும்பம்" என்ற சொல்லுக்கு வருவோம். வழக்கில் குடும்பம் என்றால் யார் யார்? அண்ணன், அண்ணன் மனைவி, தம்பி, மச்சான், மச்சினி, பெரியப்பா மக்கள், மாமி மகள் எல்லோருமே குடும்பம்தான். ஒரே வேனில் ஏறிப் போகிறோம், ஒரே சோற்றுப் பானையைத் திறக்கிறோம். ஆனால் ஷரீஅத் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. மதினிக்குக் கொழுந்தன் அந்நியன். மச்சினிக்கு அக்காள் கணவன் அந்நியன். கணவனின் உறவினரைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அவர்களை மரணத்திற்கு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முன்பின் அறியாதவர் முன் இயல்பாகவே வெட்கம் வரும். வீட்டு மனிதர் முன் அது வருவதில்லை என்பதால்தான் இந்தக் கடுமை. நனைந்த ஆடை உடலோடு ஒட்டிக்கொள்ளும் குளத்தில் இதன் பொருள் இன்னும் நன்றாக விளங்கும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஓர் அறைக் குளத்தை வாடகைக்கு எடுத்து, "வெளியார் யாருமில்லை" என்று ஒன்றாக இறங்குவது இன்று பரவி வருகிறது. அது பொதுக் குளத்தைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு. ஆண்கள் ஒரு நேரமும் பெண்கள் ஒரு நேரமும் பங்கிட்டுக்கொண்டால் வாடகையும் வீணாகாது. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் மட்டும் தனியறைக் குளத்தில் நீராடுவதில் தடையேதும் இல்லை.

அடுத்து ஆண்களின் ஆடை. பெண்களின் துப்பட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் நாம், நம் தொடையைப் பற்றிப் பேசுவதில்லை! தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது ஆணுக்கு அவ்ரத். ஹனஃபீ மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். இது பிற ஆண்களின் முன்பும்தான். ஓர் ஆண் மற்றோர் ஆணின் அவ்ரத்தைப் பார்க்கக் கூடாது என்று முஸ்லிமில் தெளிவாக வந்துள்ளது. தொடையைக் குறித்து இருவகை ஹதீஸ்களையும் சுட்டிய இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், அனஸ் (ரலி) அறிவிப்பு அறிவிப்பாளர் தொடரில் வலுவானது என்றும், ஜர்ஹத் (ரலி) அறிவிப்பு, அதாவது தொடையை மறைப்பது, பேணுதலுக்கு உகந்தது என்றும் குறித்துள்ளார்கள். மனைவியைத் தலை முதல் கால் வரை மூடச் சொல்லிவிட்டு, தான் கையளவு காற்சட்டையுடன் குதிக்கும் வாப்பாவிடமிருந்து பிள்ளை எதைக் கற்கும்? கைலி நீரில் மிதந்து எழும்பிவிடும். எனவே முழங்காலுக்குக் கீழ் வரும் கனத்த காற்சட்டையே தகும்.

பெண்களுக்கென்று தனிக் குளமோ தனி நேரமோ இருந்தால் அவர்களை அழைத்துச் செல்வது நல்லது. இல்லையென்றால் அத்தகைய இடத்தைத் தேட வேண்டியது ஆணின் பொறுப்பு. கணவனும் மகன்களும் மணிக்கணக்கில் நீராட, உம்மா மட்டும் கரையில் எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருக்கும் காட்சியை மார்க்கப் பேணுதல் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. பெண்கள் குளத்திலும் வரம்பு உண்டு. முஸ்லிம் பெண்களிடையே தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது கட்டாயம். முஸ்லிமல்லாத பெண்களும் இருக்குமிடத்தில், ஷாஃபியீ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, வீட்டு வேலையின்போது சாதாரணமாக வெளிப்படுபவை தவிர மற்றவற்றை மறைக்க வேண்டும். ஆகவே தளர்ந்த, நீரில் ஊடுருவித் தெரியாத ஆடையுடன் இறங்குவதே வழி. விவரம் தெரிந்த வயதுப் பையன்களைப் பெண்கள் குளத்திற்குள் கொண்டு போகக் கூடாது. கைபேசியை உள்ளே எடுத்துச் செல்லாமலிருப்பது மற்றப் பெண்களுக்குச் செய்யும் உபகாரம்.

இனி நீரின் சட்டம். ஊற்று நீரில் கந்தக வாடையோ உப்புச் சுவையோ இருந்தாலும், அது ஊறும் இடத்தாலும் ஓடும் வழியாலும் வந்த மாற்றமாதலால் நீர் சுத்தமானதே, சுத்தம் செய்யக்கூடியதே. வெயிலில் காய்ந்த நீரை மக்ரூஹ் என்று ஷாஃபியீ நூல்களில் காண்பது, வெப்ப நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் சூடான நீரைப் பற்றியது. ஊற்று நீரை அது சாராது. ஆனால் பொறுக்க முடியாத சூடுள்ள நீரில் ஒளூச் செய்வது மக்ரூஹ். உறுப்புகளை நிறைவாகக் கழுவ அது விடாது. கடமையான குளிப்பு உள்ளவர் தேங்கிய குளத்தில் இறங்கி அதை நிறைவேற்றுவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டுள்ளது. அதை முன்னரே குழாயடியில் முடித்துவிட்டு வர வேண்டும். பலர் சேர்ந்து நீராடும் குளத்தில் இது மற்றவர்களுக்கும் செய்யும் நீதி.

மருத்துவர்கள் கூறும் ஒரு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். கிருமிநீக்கம் செய்யாத வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா என்னும் நுண்ணுயிர் வாழ்வதுண்டு. மூக்கினுள் நீர் ஏறினால் அது மூளையைத் தாக்கும். நோய் மிக அரிது. ஆனால் பிழைத்தவர் மிகச் சிலரே. கராச்சியில் நீச்சலுக்கே போகாத சிலர் இந்நோயால் மரித்தபோது, ஒளூவின்போது மூக்கில் செலுத்திய நீர் காரணமாகலாம் என்று மருத்துவர்கள் கருதினர். எனவே ஊற்றுக் குளத்தில் தலையை முக்காமலிருப்பதும், ஒளூவுக்குப் பாதுகாக்கப்பட்ட குடிநீரைக் கையோடு கொண்டு போவதும் நல்லது. கர்ப்பிணிகள், இருதய நோயுள்ளவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோரைச் சூடு மிகுந்த நீரில் இறக்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெந்நீரில் நேரம் போவது தெரியாது. பிற்பகலில் இறங்குவோர் அஸரைத் தவறவிடுவது இவ்விடங்களில் சாதாரணமாகிவிட்டது. உள்ளூரில் இருப்பவருக்கு நீராடல் ஜம்உ செய்யக் காரணமாகாது. உலர்ந்த மாற்றுடை, தொழுகை விரிப்பு, ஒளூவுக்கான நீர் ஆகிய மூன்றையும் புறப்படும்போதே சோற்றுப் பானையோடு சேர்த்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.